நினைத்தபடி இயங்கும் செயற்கைக் கைக்கு மூளையில் சிப் வேண்டுமா?

விபத்தில் வலது கையை முழங்கைக்கு மேலே இழந்த உங்கள் தம்பிக்கு, மூளையில் சிப் பொருத்தி ரோபோ கையை இயக்கும் வசதி எப்போது கிடைக்கும், அதுவரை வேறு செயற்கைக் கை எதுவும் போடாமல் பொறுத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கும் இதே வழி உதவுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. தசையில் எழும் மின்சிக்னல்களைப் படித்துக் கருவிகளை இயக்குவதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பொறுத்திருக்க வேண்டாம். தம்பிக்கு மூளையில் எதையும் வைக்கத் தேவையே இல்லை.

அவருடைய மூளை நன்றாக இருக்கிறது. தண்டுவடம் நன்றாக இருக்கிறது. கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புகள், வெட்டுப்பட்ட இடம் வரை உயிரோடு இருக்கின்றன. "விரலை மடக்கு" என்று அவர் நினைக்கும்போது அந்தக் கட்டளை இன்றைக்கும் புறப்பட்டு மேல்கையின் நுனி வரை வந்து நிற்கிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ளத் தசை இல்லை, அவ்வளவுதான். மூளைக்குள் மின்முனை (மின்சிக்னலைப் படிக்கும் சின்ன உலோக முனை) வைப்பதெல்லாம் கழுத்து எலும்பு முறிந்தோ மூளைத்தண்டு பாதிக்கப்பட்டோ வழி நடுவில் அறுந்துபோனவர்களுக்கானது. வாசல் வரை வந்துவிட்ட செய்தியை வாங்குவதற்குக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை.

சரி, வாசலில் நிற்கும் செய்தியை எப்படி வாங்குவது? நரம்பில் ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்து அளந்தால் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் கிடைக்கும். தசைதான் அதைப் பெருக்கித் தருகிறது. ஒரே ஒரு நரம்பிழை பெரிய தசைகளில் நூற்றுக்கணக்கான தசை இழைகளை ஒரே நேரத்தில் சுருங்க வைக்கும். அவை எல்லாம் சேர்ந்து எழுப்பும் மின் அலை, தோலின் மேல் ஒட்டிய மின்முனையில் மில்லிவோல்ட் வரை வரும். இதை வைத்து இயங்கும் கைகளுக்கு மயோஎலக்ட்ரிக் கை என்று பெயர். 1940களில் ஜெர்மனியில் முயன்று பார்த்தார்கள்; 1960 வாக்கில் சோவியத் நாட்டில் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. அடிப்படை யோசனை அவ்வளவு பழையது.

பயிற்சியின் முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மிச்சமிருக்கும் கையில் மாட்டும் உறையான சாக்கெட் இன்னும் தயாராகியிருக்காது. மேல்கையின் முன்புறத் தசையில் ஒன்று, பின்புறத் தசையில் ஒன்று என்று சட்டைப் பொத்தான் அளவில் மின்முனைகளை ஒட்டுவோம். எதிரே திரையில் இரண்டு கோடுகள் ஓடும். "முழங்கையை மடக்குவதாக நினையுங்கள்" என்றதும் இரண்டு கோடுகளும் ஒன்றாக எகிறும். ஏனென்றால் வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைத் தூக்கிக்கொண்டு, உடம்பு முழுவதையும் இறுக்கியிருப்பார். மூச்சை விடச் சொல்லி, மறுபடி, மறுபடி. இருபது நிமிடம் கழித்து ஒரு கோடு மட்டும் எழும், இன்னொன்று தரையோடு படுத்திருக்கும். அந்த நொடியில் அநேகமாக எல்லோரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தங்கள் கையைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

முழங்கைக்குக் கீழே இழந்தவர்களுக்கு இது ஓரளவு எளிது. விரல்களை இழுத்த தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, அவற்றில் பாதி மிச்சமிருந்தாலே போதும். தம்பியின் நிலைமை கடினம். மேல்கையில் இருக்கும் இரண்டு தசைகளும் முழங்கையை மடக்கி நீட்டப் பிறந்தவை. அந்த இரண்டை வைத்துக்கொண்டு முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று மூன்றையும் இயக்க வேண்டும். எப்படிச் செய்கிறார்கள் என்றால், இரண்டு தசைகளையும் ஒரே சமயத்தில் சுருக்கினால் கை "இப்போது மணிக்கட்டு" என்று மாறும், இன்னொரு முறை சுருக்கினால் "இப்போது விரல்கள்" என்று மாறும். ஒரு டம்ளரை எடுத்துக் குடிக்க நாலைந்து முறை இப்படி மாற்ற வேண்டியிருக்கும். முடியும், ஆனால் களைத்துவிடும். நல்ல கையை வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துவிட்ட பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போனார்கள்.

இதற்கு அறுவை சிகிச்சை வழியாக ஒரு விடை இருக்கிறது. உங்கள் தம்பிக்காக நீங்கள் விசாரிக்க வேண்டியது இதைத்தான். சிகாகோவில் டாட் குய்க்கன் என்ற மருத்துவரும் கிரெகரி டுமேனியன் என்ற அறுவை நிபுணரும் 2000களின் தொடக்கத்தில் செய்து காட்டியது. Targeted Muscle Reinnervation என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் டி.எம்.ஆர். என்பார்கள். கைக்குப் போய்க்கொண்டிருந்த, இப்போது வேலையில்லாமல் நிற்கும் நரம்புகளை எடுத்து, பக்கத்தில் இருக்கும் தசைகளின் பகுதிகளோடு இணைத்துவிடுவார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். சில மாதங்களில் அந்தத் தசைக்குள் வேர் பிடித்துவிடும். அப்புறம் "உள்ளங்கையை மூடு" என்று நினைத்தால் மேல்கையில் ஒரு பகுதி சுருங்கும். "விரி" என்றால் இன்னொரு பகுதி. மாற்றிப் போடும் வித்தை தேவையில்லை, நினைத்தது நினைத்தபடி. மின்கம்பி வேலையில் அடிபட்டு இரண்டு கைகளையும் தோளோடு இழந்த ஜெஸ்ஸி சல்லிவன்தான் இதை முதலில் பெற்றவர்களில் ஒருவர். அவருக்கு நரம்புகளை மார்புத் தசையில் இணைத்தார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது: மார்பின் அந்த இடத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுவதுபோல் அவருக்குத் தெரிந்தது. தோலுக்குப் போகும் உணர்வு நரம்புகளும் சேர்ந்தே வேர் பிடித்திருந்தன.

இன்றைக்குப் பல அறுவை நிபுணர்கள் டி.எம்.ஆரைச் செய்வதற்குக் கருவியைவிட வலிதான் பெரிய காரணம். வெட்டிய நரம்பு போக இடமில்லாமல் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும், இல்லாத கையும் வலிக்கும். நரம்புக்குப் போக ஓர் இடம் கொடுத்துவிட்டால் இந்த வலி பெரும்பாலும் குறைகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் செடர்னா குழு வேறு விதமாகச் செய்கிறது. நரம்பின் நுனியைச் சின்னத் தசைத் துண்டால் போர்த்தி விடுகிறார்கள். அந்தத் துண்டே சிக்னலைப் பெருக்கித் தருகிறது. எதைச் செய்வது என்பது அறுவை நிபுணரின் கைப்பழக்கத்தையும் காயத்தின் நிலையையும் பொறுத்தது.

இதுவரை சொன்னது எல்லாம் மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை. இணையத்தில் வரும் ரோபோ கை வீடியோக்கள் காட்டுவதும் இதைத்தான். ஆனால் எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகப் படுவது திரும்பி வரும் பாதை. கையிலிருந்து மூளைக்கு உணர்வு வராவிட்டால், எவ்வளவு நுட்பமான மோட்டார் இருந்தாலும் அது நம் கை ஆவதில்லை.

2016இல் சூரிச்சில் சைபத்லான் என்ற போட்டி முதல் முறையாக நடந்தது. செயற்கைக் கை போட்டவர்கள் பல்பு மாட்டுவது, ரொட்டி வெட்டுவது, துணி உலர்த்துவது போன்ற வேலைகளில் நேரம் பார்த்து மோதினார்கள். மோட்டாரும் விரல்களும் வைத்த நவீனக் கைகள் வந்திருந்தன. வென்றவர் பாப் ரடோசி. அவர் அணிந்திருந்த கையில் பேட்டரியே கிடையாது. தோளிலிருந்து ஒரு கம்பி, நுனியில் ஒரு பிடிப்பான், அவ்வளவுதான். தோளை அசைத்தால் கம்பி இழுபடும், பிடி இறுகும். பழைய தொழில்நுட்பம் எப்படி ஜெயித்தது? ஒரு பொருளைப் பிடிக்கும்போது அதன் கடினம் கம்பியின் இழுவிசையாகத் தோளுக்கே திரும்பி வருகிறது. முட்டையா கல்லா என்று அவர் உடம்புக்குத் தெரிகிறது. மோட்டார் கை வைத்தவர் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரடோசியின் பயிற்சிக்கும் திறமைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இந்த முடிவைத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டஸ்டின் டைலர் குழு இந்தத் திரும்பும் பாதையைச் செயற்கையாக அமைத்துப் பார்த்தது. இகோர் ஸ்பெட்டிக் என்பவரின் முன்கை நரம்புகளைச் சுற்றி வளையம்போல் மின்முனைகளை வைத்து, செயற்கைக் கையின் விரல் சென்சார் அழுத்தப்படும்போது நரம்புக்குச் சிறு மின்துடிப்பு அனுப்பினார்கள். செர்ரிப் பழத்தைப் பிடித்துக்கொண்டு காம்பைப் பறிக்க வேண்டும். பார்க்காமல், உணர்வும் இல்லாமல் செய்தபோது பாதிக்கு மேல் நசுங்கிப்போயின. உணர்வு வந்ததும் ஏறக்குறைய எல்லாம் முழுதாகத் தப்பின. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இறுக்கி மூடிய முஷ்டியை நசுக்குவதுபோல அவருக்கு வருடக்கணக்காக இருந்த வலி, இந்தத் தூண்டலுக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கால் விஷயத்திலும் இதே கதைதான். எம்.ஐ.டி.யில் ஹ்யூ ஹெர் குழு, காலை எடுக்கும்போதே எதிரெதிர்த் தசைகளை மறுபடி ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்று சுருங்கினால் மற்றொன்று நீளும், அதனால் இல்லாத கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு மூளைக்குப் போகிறது. 2024இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்துகொண்ட 7 பேரும் வழக்கமான முறையில் கால் எடுக்கப்பட்ட 7 பேரும் ஒரே மாதிரி மோட்டார் கணுக்காலோடு நடந்தார்கள். முதல் குழுவின் உச்ச வேகம் 41 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது இயல்பான உணர்வில் ஒரு பகுதிதான்.

இப்போது மூளைச் சிப்புக்கு வருகிறேன். இதையும் மதிப்போடு சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு இது உயிர் மூச்சு. மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல், பேச்சும் இல்லாமல் இருந்த கேத்தி ஹட்சின்சன், மூளைச் சிக்னலால் கருவிகளை இயக்கிப் பார்க்கும் பிரெய்ன்கேட் ஆய்வில் ரோபோ கையை நினைப்பாலேயே நகர்த்தி, பாட்டிலை வாயருகே கொண்டுவந்து காபி குடித்தார். 2012இல் வெளியானது. ஏறக்குறைய 15 வருடங்களில் அவர் தானாக எடுத்துக் குடித்த முதல் மடக்கு அது. அவர் மூளையில் வைத்திருந்தது 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஊசிமுனைகள் நட்ட ஒரு தகடு, யூட்டா அரே என்பார்கள்.

பிட்ஸ்பர்க்கில் தண்டுவடம் அடிபட்ட நேத்தன் கோப்லாண்டுக்கு அசைவுப் பகுதியில் மட்டுமல்லாமல் தொடு உணர்வுப் பகுதியிலும் இதே தகடுகளை வைத்தார்கள். ரோபோ விரலைத் தொட்டால் தன் விரலில் அழுத்துவதுபோல் அவருக்குத் தெரிகிறது. பொருளை எடுத்து வைக்கும் சோதனையில் உணர்வு இல்லாதபோது சுமார் 20 விநாடி எடுத்தவர், உணர்வு வந்ததும் சுமார் 10 விநாடியில் முடித்தார். 2021இல் வெளியான முடிவு. அதே ஆள், அதே ரோபோ கை. திரும்பும் பாதை ஒன்றைத் திறந்ததும் நேரம் பாதியாகிவிட்டது.

ஆனால் மூளைத் திசு மென்மையானது, மின்முனை கடினமானது. நாளடைவில் சுற்றிலும் வடு கட்டும், சிக்னல் மங்கும். மூளை உள்ளே அசைந்துகொண்டே இருப்பதால் நேற்றுக் கேட்ட நரம்பணு இன்று கேட்காமல் போகலாம். கணினியை அடிக்கடி மறுபடி பழக்க வேண்டும். நியூராலிங்க் என்ற மூளைச் சிப் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு 64 நூல்களில் 1,024 மின்முனைகளைப் பொருத்தியது. சில வாரங்களிலேயே பல நூல்கள் பின்வாங்கிவிட்டன, மென்பொருளை மாற்றித்தான் ஈடுகட்டினார்கள். இதோடு தொற்று அபாயமும் இருக்கிறது. இன்னொரு ஆபத்தை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்கள் பொருளைப் பிடிக்க உதவிய ஃப்ரீஹேண்ட் என்ற உட்பொருத்துக் கருவிக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சுமார் 250 பேர் பொருத்திக்கொண்ட நிலையில், 2001இல் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. உடம்புக்குள் இருக்கும் கருவிக்கு உதிரிபாகம் தர ஆள் இருக்க வேண்டும், இருபது வருடம் கழித்தும் இருக்க வேண்டும். எந்த உட்பொருத்துக் கருவியாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, பக்கவாதம். இங்கே நிலைமை தலைகீழ். கை இருக்கிறது, தசை இருக்கிறது, கட்டளை புறப்படும் மூளைப் பகுதியோ அதன் வழியோதான் அடிபட்டிருக்கிறது. அதனால் ரோபோவின் வேலை மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய எம்.ஐ.டி.-மேனஸ் 1990களிலிருந்து இதற்காகப் பயன்படுகிறது. நோயாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரையில் தெரியும் புள்ளிக்கு நகர்த்த முயல்வார், முடியாத தூரத்துக்கு ரோபோ துணை செய்யும்.

இதற்கு ஏன் ரோபோ என்றால், எண்ணிக்கைக்காக. 2009இல் கேத்தரின் லாங் குழு பிசியோதெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. தெரபிஸ்ட்டுகள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மனிதரால் ஒரு கனமான கையைத் தூக்கிப் பிடித்து நாள் முழுதும் ஆயிரம் முறை நீட்ட வைக்க முடியாது. இயந்திரத்தால் முடியும்.

அப்படியானால் ரோபோ பயிற்சி எடுத்தவர்களெல்லாம் குணமாக வேண்டும், இல்லையா? பிரிட்டனில் 770 பேரை வைத்து நடத்திய ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. ரோபோ பயிற்சி பெற்றவர்களுக்குக் கை அசைவு அளவீட்டில் கொஞ்சம் முன்னேற்றம். சாப்பிடுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாடக் காரியங்களில் வழக்கமான சிகிச்சையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. துறைக்கே இது பெரிய அடி. என் அனுபவத்தில் இதற்கு ஒரு காரணம் தெரிகிறது. ரோபோ கையைப் பிடித்து நகர்த்தும்போது நோயாளியின் மூளை மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. திரையில் கை அழகாகப் புள்ளியைத் தொடும். தசையில் வைத்த மின்முனையைப் பார்த்தால் கோடு தட்டையாகக் கிடக்கும். அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. தேவையில்லாத உழைப்பைக் குறைத்துக்கொள்வது எந்த உடம்புக்கும் இயல்பு. அதனால்தான் இப்போது "தேவைப்பட்டால் மட்டும் உதவு" என்று ரோபோக்களை அமைக்கிறோம். முதலில் நோயாளியின் முயற்சி தெரிய வேண்டும், அப்புறம்தான் மோட்டார் நகரும்.

இதில்தான் நரம்பு இடைமுகம், அதாவது நரம்பையும் கருவியையும் இணைக்கும் ஏற்பாடு, வந்து சேர்கிறது. முயற்சி எழும் நொடியைப் பிடிப்பதுதான் அதன் வேலை. மூளை "நீட்டு" என்று சொல்வதும், நீண்டுவிட்டது என்ற உணர்வு திரும்பி வருவதும் ஒரு விநாடிக்குள் அடுத்தடுத்து நடந்தால் மிச்சமிருக்கும் நரம்பிணைப்புகள் வலுப்படும். நேரம் தப்பினால் அது வெறும் கைப்பயிற்சி. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும் முறை இதற்கு நல்ல உதாரணம். கழுத்தில் அந்த நரம்பைச் சுற்றி மின்முனை வைத்து, நோயாளி கையை நீட்டும் அதே சமயத்தில் அரை விநாடி துடிப்பு அனுப்புகிறார்கள். 108 பேரிடம் நடந்த ஆய்வில், 66 மதிப்பெண் கொண்ட கை அளவீட்டில் தூண்டல் பெற்றவர்கள் 5 மதிப்பெண்ணும் பெறாதவர்கள் 2.4 மதிப்பெண்ணும் கூடினார்கள். மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. இதை 2021இல் அனுமதித்தது. அதிசயமெல்லாம் இல்லை, ஆனால் பக்கவாதம் வந்து பல மாதங்களோ வருடங்களோ கடந்தவர்களுக்கும் கை நகர்ந்திருக்கிறது.

தண்டுவட அடியிலும் இதையே பார்க்கிறோம். கெர்ட்-யான் ஆஸ்கம் 2011இல் சைக்கிள் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். ஸ்விட்சர்லாந்தின் லொசானில் கிரெக்வார் கூர்ட்டின், ஜோஸ்லின் பிளாக் குழு அவருடைய மூளைப் பரப்பில் நடக்கும் எண்ணத்தைப் படித்து, அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழ்த் தண்டுவடத்துக்குத் துடிப்பாக அனுப்பியது. 2023இல் வெளியானபோது அவர் படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கருவியை அணைத்துவிட்டாலும் ஊன்றுகோலோடு அவரால் சில அடிகள் நடக்க முடிந்ததுதான். எண்ணமும் அசைவும் மாதக்கணக்கில் சேர்ந்தே நடந்ததில், மிச்சமிருந்த நரம்புகளே கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டன.

மறுபடி தம்பிக்கு வருகிறேன். கை எந்த மாடல் என்பதைவிடச் சாக்கெட் எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பாருங்கள். மின்முனை அரை விரல் நகர்ந்தாலும் சிக்னல் மாறிவிடும். வியர்த்தால் மாறிவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மாறிவிடும். காலையில் அறையில் அருமையாக வேலை செய்த கை, மதியம் வெயிலில் தானாக மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எனவே சோதித்துப் பார்க்கும்போது உட்கார்ந்தபடி மட்டும் பார்க்காதீர்கள்; நடந்து, குனிந்து, வியர்த்த பிறகு பாருங்கள். எடையும் முக்கியம். செயற்கைக் கை மனிதக் கையைவிடப் பெரிதாக எடை கூடியதில்லை, ஆனால் எலும்பில் தொங்காமல் தோலில் தொங்குவதால் இரண்டு மடங்கு கனமாகத் தெரியும். எலும்பில் டைட்டேனியம் தண்டைப் பதித்து நேரடியாக மாட்டும் முறை இந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஸ்வீடனில் வளர்ந்த முறை அது. தோலைத் துளைத்து வெளியே வருவதால் தொற்றுக்கு எப்போதும் கவனம் வேண்டும்.

அப்புறம், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று சொன்னதன் காரணம் இது. கை போன சில மாதங்களில் ஆள் ஒற்றைக் கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுவார். அதன்பின் எவ்வளவு நல்ல கை வந்தாலும் அது சுமையாகவே தெரியும். பயன்படுத்திவிட்டு ஒதுக்கிவிட்ட பெரியவர்கள் மோட்டார் கைகளில் சராசரியாக 23 சதவீதம், கம்பி இழுக்கும் கைகளில் 26 சதவீதம் என்று 2007இல் வெளிவந்த ஒரு தொகுப்பு சொல்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் ஓர் எளிய கம்பிக் கையோடு தொடங்கினாலும் தவறில்லை.

அறுவை நிபுணரைப் பார்க்கும்போது, நரம்பு நுனிகளில் முடிச்சு இருக்கிறதா, டி.எம்.ஆர். இந்த மேல்கையில் செய்ய முடியுமா, செய்தால் எந்தத் தசைகள் எந்த அசைவுக்கு என்று கேளுங்கள். விபத்து நடந்து வருடங்கள் ஆனாலும் செய்யலாம். அந்தச் சந்திப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் தம்பி தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத விரல்களை மெதுவாக மடக்கி விரிக்கட்டும். வலி கூடினால் நிறுத்திவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மேல்கையில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். மடக்கும்போது எந்த இடம் துடிக்கிறது, விரிக்கும்போது எந்த இடம் என்று தொட்டுப் பார்த்து அவரிடம் சொல்லுங்கள். மின்முனை ஒட்டும் நாளில் நாங்கள் முதலில் தேடப்போவது அந்த இடங்களைத்தான்.